நாளைக்கே மறந்துவிடுபவர்களிடம் மாணவரை அனுப்புவதால் யாருக்குப் பயன்?

9 ஜூலை 2024 – ஒரு வாசகரின் கேள்வி

என் மகள் சென்னையில் சமூகப்பணி முதுகலை முதலாண்டு படிக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்காக, மறதி நோய் உள்ள முதியவர்களுக்கான பகல்நேரக் காப்பகம் ஒன்றுக்கு அவளை அனுப்பியிருக்கிறார்கள். முதல் வாரத்தில் அவள் செய்ததெல்லாம் கீரை ஆய்ந்ததும் இருவருக்குச் சோறு ஊட்டியதும்தான். மறுநாள் போனால் "நீ யாரம்மா?" என்று கேட்கிறார்களாம். முகத்தைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு ஒரு மாணவி என்ன ஆதரவு தந்துவிட முடியும்? சம்பளம் கொடுக்காமல் ஆயா வேலை வாங்கிக்கொள்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

9 ஜூலை, இரவு

2019 ஜூலையிலிருந்து நவம்பர் வரை வடசென்னையில் இதே போன்ற ஒரு காப்பகத்தில் நானும் களப்பணி செய்தேன். கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டுகள் சேர்ந்திருக்கின்றன. தனித்தனியாகவே பதில் சொல்ல வேண்டும்.

முகம் மறந்துபோவது உண்மை. பதினோரு பேர் இருந்த இடத்தில் ஐந்து மாதம் கழித்தும் என் பெயரைச் சொல்லக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் நிகழ்ச்சி மறந்துபோவதும் அது விட்டுச்செல்லும் உணர்ச்சி மறைந்துபோவதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் நோய் உள்ள 17 பேருக்கு முதலில் சோகமான திரைக்காட்சிகளையும் பிறகு மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்குச் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் நழுவிவிட்டது. வருத்தமும் மகிழ்ச்சியும் நழுவவில்லை. காட்சியைக் குறைவாக நினைவில் வைத்திருந்தவரிடம்தான் சோகம் அதிக நேரம் தங்கியது என்பது அதில் கவனிக்க வேண்டிய செய்தி. காரணம் தெரியாத துக்கத்துக்குச் சமாதானம் சொல்லவும் வழியில்லை அல்லவா? ஆகவே உங்கள் மகள் சோறு ஊட்டிய விதம் அந்த முதியவரிடம் தங்குகிறது. ஊட்டியவர் யார் என்பதுதான் தங்குவதில்லை.

ஆயா வேலை என்ற குற்றச்சாட்டு பாதி உண்மை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

10 ஜூலை

நேற்று எழுதியது கொஞ்சம் புத்தக வாடை அடிப்பதால் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் காப்பகத்தில் 78 வயது அம்மா ஒருவர் இருந்தார். தினமும் காலை பத்தரை மணி ஆனதும் எழுந்து வாசலுக்குப் போய், கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சங்கு ஊதிட்டானா? சங்கு ஊதிட்டானா?" என்று கேட்பார். ஊதவில்லை என்றாலும் பதறுவார், ஊதிவிட்டது என்றாலும் பதறுவார். நான் என் களப்பணி அறிக்கையில், "பயனாளிக்கு மரண பயம் இருப்பதாகத் தெரிகிறது, சாவு வீட்டில் ஊதும் சங்கைக் குறித்து அடிக்கடி விசாரிக்கிறார்" என்று எழுதி, அதற்கு ஆற்றுப்படுத்தல் (கவுன்சிலிங்) தேவை என்றும் பரிந்துரைத்திருந்தேன். துறை ஆசிரியர் அதன் ஓரத்தில் "நன்று" என்று குறித்துக் கையெழுத்தும் போட்டார்.

அது ஆலைச் சங்கு. அவருடைய கணவர் பெரம்பூர்ப் பக்கத்து பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை செய்தவர். மதியச் சங்கு ஊதுவதற்குள் சாப்பாட்டுத் தூக்கு மில் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம் என்று அந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரு நூற்றாண்டுக் காலம் கடிகாரமாக இருந்தது அந்தச் சங்குதான். 1996இல் மில்லை மூடினார்கள். கணவரும் அதன் பிறகு சில ஆண்டுகளில் போய்விட்டார். இந்த அம்மாவுக்கு மட்டும் பத்தரை மணிக்குச் சோறு வடித்துத் தூக்கில் அடைத்தாக வேண்டிய அவசரம் தீரவில்லை.

இது தெரிந்த பிறகு அவர் கேட்டால், "இன்னும் நேரம் இருக்குதும்மா, குழம்பு கொதிக்கட்டும், இன்னைக்கு என்ன குழம்பு?" என்று நாங்கள் கேட்கத் தொடங்கினோம். காராமணி, கத்திரிக்காய், மாங்காய் போட்ட நெத்திலிக் கருவாடு என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த அம்மாவின் மகளிடம் பேசித்தான் நான் இதைக் கண்டுபிடித்தேன்.

12 ஜூலை

அது பொய் அல்லவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறதி நோயாளியை நிகழ்காலத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவதுதான் சிகிச்சை, மில் மூடிவிட்டது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

முதல் இரண்டு வாரம் நானும் அதைத்தான் செய்தேன். எங்களுக்குக் கொடுத்த கையேட்டிலும், நாள், கிழமை, இடம் ஆகியவற்றை அடிக்கடி நினைவூட்ட வேண்டும் என்று இருந்தது. நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்கு அது உதவும். சுவரில் பெரிய எழுத்து நாட்காட்டி மாட்டுவது தவறே அல்ல. ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று மாலை நான்கு மணிக்கு அழுகிற பாட்டியிடம், "உங்கள் வீட்டை விற்றுவிட்டார்கள், நீங்கள் இப்போது மகன் வீட்டில் இருக்கிறீர்கள்" என்று நான் விளக்கியபோது, அவர் தன் வீடு பறிபோன செய்தியை அந்த நிமிடம்தான் கேள்விப்படுகிறார். மறுநாளும் அதே செய்தியை முதல்முறையாகவே கேட்பார். ஒருவருக்கு ஒரே இழவை எத்தனை முறை சொல்வது?

அதற்காகப் புளுகிக்கொண்டே இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மில் ஓடுகிறது என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. குழம்பைப் பற்றித்தான் பேசினோம். இந்த வேறுபாடு மெல்லியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் அதைத் தாண்டிய நாட்களும் உண்டு. மகன் வந்துகொண்டிருக்கிறான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டி ஒன்றரை மணி நேரம் கதவையே பார்த்திருந்த ஒரு மாலைக்கு நான் பொறுப்பு.

சொல்லைக் கையாளுவதில் எங்கள் ஆயாம்மாவுக்கு இணை கிடையாது. குளிக்க வாருங்கள் என்று அழைத்தால் வரமாட்டார்கள். அறிமுகம் இல்லாத ஒருத்தி புடவையை அவிழ்க்கச் சொன்னால் யார்தான் வருவார்கள்? ஆயாம்மா வாளியை நிரப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல், பொதுவாக, "வெந்நீர் ஆறிப்போவுது" என்று மட்டும் குரல் கொடுப்பார். விறகு அடுப்பில் வெந்நீர் போட்டு வளர்ந்த தலைமுறை; அது வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் முடியாது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள்.

13 ஜூலை

முதல் குறிப்பில் ஒரு திருத்தம். அயோவா ஆய்வில் உணர்ச்சி தங்கியதாக அளந்தது அரை மணி நேரம் வரை. அரை மணி நேரத்தை மறுநாள் ஆக்கிவிட்டேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. மறுநாளும் தங்குகிறது என்று நான் நினைப்பதற்கு அந்த ஆய்வு ஆதாரம் அல்ல. நான் மகன் வருகிறான் என்று சொல்லி ஏமாற்றிய பாட்டி அடுத்த வாரம் என் கையிலிருந்து மட்டும் தேநீர் வாங்க மறுத்தார் என்பதுதான் எனக்குள்ள ஆதாரம். அது தற்செயலாகவும் இருக்கலாம்.

20 ஜூலை

உங்கள் மகள் கீரை ஆய்ந்ததைப் பற்றி. அதை இழிவாக நினைக்காதீர்கள்; நான் செய்தது அதைவிட மோசம். முதல் நாள் நான் கொண்டுபோனது கிரேயான் பெட்டியும், யானையும் பட்டாம்பூச்சியும் போட்ட குழந்தைகளுக்கான வண்ணப் புத்தகமும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்து, "எத்தனையாவது வகுப்புக்கு?" என்று கேட்டுவிட்டு, என் பையிலிருந்த களப்பணி அறிக்கையை உருவி எடுத்துக்கொண்டார். சிவப்புப் பேனா கேட்டார். கொடுத்தேன். ஒற்று மிகக் கூடாத இரண்டு இடத்தில் அடித்து, "முயற்ச்சி" என்று நான் எழுதியதைத் திருத்தி, பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டுத் திருப்பித் தந்தார். தன் மகளின் பெயர் அவருக்கு அன்று நினைவில் இல்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அல்சைமர் நோய் பொதுவாக முதலில் தாக்குவது புதிய நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியை. ஆண்டுக்கணக்கில் செய்து கைக்குப் பழகிய வேலைகள் மூளையில் வேறு பாதைகளைச் சார்ந்தவை என்பதால், பூத் தொடுப்பதும் கீரை ஆய்வதும் புடவை மடிப்பதும் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. சங்கு கேட்கும் அம்மா மல்லிகையை எண்ணாமலே தொடுப்பார், இரண்டு பக்கமும் ஒரே அளவாக வரும். நான் தொடுத்தது தலைக்குப் போவதற்குள் உதிர்ந்துவிடும். முளைக்கீரையில் பூச்சி அரித்த இலை ஒன்று தப்பாது. வேலை முடிந்ததும் எனக்குக் கற்றுக்கொடுத்த பெருமை அவர் முகத்தில் இருக்கும். அந்த நேரத்தில் உதவி பெறுபவள் நானாக இருந்தேன்.

தலைமையாசிரியையை நான் முதல் வாரம் "பாட்டி" என்று அழைத்தேன்; அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. காது மந்தம் என்று குறித்துக்கொண்டேன். ஆயாம்மா "டீச்சர்" என்றதும் திரும்பினார்.

21 ஜூலை

நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சோதிக்கும் மினி மென்டல் தேர்வைப் பற்றிக் கேட்டவருக்கு: 1975இல் அமெரிக்காவில் உருவானது, மொத்தம் 30 மதிப்பெண். அதை நடத்துவதும் மதிப்பிடுவதும் மாணவர் வேலை அல்ல. நான் அருகில் இருந்து பார்த்ததோடு சரி. இப்போது என்ன பருவகாலம் என்று ஒரு கேள்வி வரும். எங்கள் மில்லுக்கார அம்மா, "மெட்ராஸ்ல ஏது காலம், வெயிலுதான்" என்றார். இது எந்த ஊர் என்றதற்கும் மெட்ராஸ் என்றார். சென்னை என்று அரசு பெயர் மாற்றியது 1996இல், அதாவது மில் மூடிய அதே ஆண்டில். தேர்வு நடத்திய உளவியலாளர் ஊருக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். பருவகாலத்துக்குக் கொடுக்கவில்லை, எனக்கு இன்றும் அதில் உடன்பாடில்லை.

2 ஆகஸ்ட்

இந்தக் கேள்வி-பதில் இழையால் ஒரு வேலை நடந்தது. பரணிலிருந்து என் 2019ஆம் ஆண்டுக் களப்பணி நோட்டுகளை இறக்கிப் படித்தேன். படித்ததில் இரண்டு திருத்தங்களை இங்கே போட்டாக வேண்டியிருக்கிறது, இரண்டும் எனக்குப் பெருமை தருபவை அல்ல.

சங்கு விஷயத்தை நான் அந்த அம்மாவின் மகளிடம் பேசிக் கண்டுபிடித்ததாக எழுதினேன். ஜூலை 24ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் இப்படி இருக்கிறது: "ஆயா – மில் சங்கு என்கிறார் – விசாரிக்க." நான் மகளிடம் பேசியது செப்டம்பர் முதல் வாரத்தில். மரண பயம் என்று அறிக்கை எழுதியது ஆகஸ்டில். அதாவது அதே பட்டாளத்தில் பிறந்து வளர்ந்த ஆயாம்மா முதலிலேயே சொல்லிவிட்டார், நானும் குறித்துக்கொண்டேன், பிறகு பாடத்தில் படித்த மரண பயம் பொருத்தமாகத் தோன்றியதால் அவர் சொன்னதை விட்டுவிட்டேன். ஐந்தாண்டுகளில் என் நினைவு அந்தப் பென்சில் வரியை அழித்துவிட்டு என்னைத் துப்பறிவாளர் ஆக்கியிருக்கிறது. மறதியைப் பற்றி எழுத வந்தவருக்கு இது தேவைதான்.

இரண்டாவது செய்தியை உங்கள் மகளிடம் தவறாமல் சொல்லுங்கள். அக்டோபரில் தலைமையாசிரியை ஒரே நாளில் மாறிப்போனார். காலையில் வந்ததிலிருந்து ஆளை அடையாளம் தெரியவில்லை, சுவரோடு பேசினார், உட்கார்ந்தபடியே தூங்கிவிழுந்தார். நோய் அடுத்த நிலைக்குப் போய்விட்டது என்று நான் எழுதினேன். ஆயாம்மா அவர் புடவையை மாற்றும்போது, "மூத்திரம் நாறுது, இது வேற" என்றார். மருத்துவர் பார்த்தபோது சிறுநீர்த் தொற்று. ஒரு வாரம் மருந்து கொடுத்ததும் பெரும்பாலும் பழையபடி ஆனார். மறதி நோய் பொதுவாக மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வளர்வது. ஒன்றிரண்டு நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சளிக்கு வாங்கும் சில சாதாரண மருந்துகள்கூட முதியவர்களைக் குழப்பத்தில் தள்ளக்கூடியவை. இதைக் கண்டுபிடிப்பது மாணவரின் பொறுப்பு அல்ல, ஆனால் அன்றே சொல்வது பொறுப்பு.

3 ஆகஸ்ட்

"முயற்ச்சி" என்று நோட்டில் இன்னும் மூன்று இடத்தில் இருக்கிறது. டீச்சர் கொடுத்த நான்கு மதிப்பெண் தாராளம்.

25 ஆகஸ்ட்

களப்பணி முடிந்து கிளம்பும்போது அவர்களுக்கு வருத்தமாக இராதா என்று கேட்டிருக்கிறார்கள். என்னை அலைக்கழித்த கேள்வி இது. ஐந்து மாதம் ஒருவரைப் பழக்கிவிட்டுப் போவது தவறு என்று வெகுநாள் நினைத்தேன். பெயரே தெரியாதபோது பிரிவு எங்கிருந்து வரும் என்றும் நினைத்தேன். இப்போது இரண்டுமே சரியாகத் தோன்றவில்லை. தேடுவது ஆளையல்ல, அந்த நேரத்தில் வழக்கமாக நடப்பதையே தேடுவார்கள். செவ்வாய், புதன் மதியம் பூக் கூடையோடு யாராவது உட்காருவது நின்றுபோனால் அது ஒரு குறைதான். ஆகவே அடுத்த மாணவரோடு சேர்ந்து கடைசி இரண்டு வாரமாவது உட்கார வேண்டும். எங்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

அதற்குப் பதிலாகப் பிரிவு உபசார விழா ஒன்று நடந்தது. ஒலிபெருக்கி, பலூன், இருபது புதிய முகங்கள். பலூன் வெடித்ததில் ஒருவர் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். சங்கு கேட்கும் அம்மா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே துறையின் முகநூல் பக்கத்தில் முப்பது படங்கள் ஏறின. அதில் வாயோரம் கேக் ஒழுக டீச்சர் இருந்தார். அவருடைய பழைய மாணவர்கள் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? அவரால் சம்மதம் சொல்ல முடியாது. குடும்பத்தாரை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். மதிப்பெண் பட்டியல் வராத நேரம் அது, அதனால் கேட்கவில்லை.

15 செப்டம்பர்

ஆயா வேலை என்ற பாதி உண்மைக்கு இப்போது வருகிறேன். கேள்வி கேட்டவர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.

ஆள் பற்றாக்குறையை மாணவரை வைத்து அடைக்கும் இடங்கள் உண்டு. உங்கள் மகள் பயிற்சி இல்லாமல் ஒருவரைத் தனியாகக் கழிவறைக்குத் தூக்கிச் செல்கிறாள் என்றால், அல்லது விழுங்கச் சிரமப்படுபவருக்கு யாரும் சொல்லித்தராமல் ஊட்டுகிறாள் என்றால், உடனே கல்லூரியில் பேசுங்கள். புரையேறி நுரையீரலுக்குள் உணவு போவது இந்த நோயில் உயிராபத்து. ஊட்டும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா, முன் கவளம் இறங்கியதா என்று பார்க்க முதல் நாளே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் ஊட்டுவதும் கூட உட்காருவதும் படித்தவள் செய்யத் தகாத வேலை என்ற பொருளில் கேட்டிருந்தால் எனக்கு உடன்பாடில்லை. இந்த வேலையின் நுணுக்கம் முழுவதும் ஆயாக்களிடம் இருக்கிறது, சம்பளமும் மரியாதையும்தான் வேறிடத்தில் இருக்கின்றன.

2023இல் வெளியான தேசிய ஆய்வின் மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் கூடுதல். இவர்களில் பெரும்பாலோரை மகள்களும் மருமகள்களும்தான் வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். கேரளத்தில் 1992இல் தொடங்கிய அல்சைமர் சங்கமும், சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனமும் இத்துறையில் பணியாற்றுகின்றன. கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தாலும் பத்தரை மணிக்கு ஒருவர் ஏன் வாசலுக்குப் போகிறார் என்பது கூடவே இருப்பவருக்குத்தான் தெரியும்.

அதை எழுதி வைப்பதுதான் மாணவரின் வேலை என்று நான் இப்போது நினைக்கிறேன். மருத்துவக் கோப்பில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கும், சங்கு இருக்காது. ஆயாவுக்கும் மகளுக்கும் எழுத நேரமில்லை. கூட உட்கார நேரமும், எழுதத் தெரிந்த கையும், அறிக்கை கொடுத்தே தீர வேண்டிய கட்டாயமும் உள்ளவர் மாணவர் ஒருவர்தான். எப்படி அழைத்தால் திரும்புவார், எதைச் சொன்னால் குளிக்க எழுவார், எந்த மணிக்குப் பதறுவார், யார் சொன்னது என்று ஆளுக்கு ஒரு பக்கம் போதும். யார் சொன்னது என்பதை விட்டுவிடக் கூடாது.

16 செப்டம்பர்

இலங்கை வாசகர் ஒருவர், தங்கள் ஊரில் இதை "அறளை பெயர்தல்" என்பார்கள் என்று எழுதியிருக்கிறார். நல்ல சொல்தான், ஆனால் திட்டுவதற்கும் அதுவே பயன்படுகிறது என்று அவரே சொல்கிறார். நம் பக்கத்தில் "புத்தி பேதலித்துவிட்டது" என்பதும் அப்படித்தான். எங்கள் ஆயாம்மா எந்தச் சொல்லையும் பயன்படுத்தியதில்லை. "அவங்க இப்ப மில்லுல இருக்காங்க" என்பார், "டீச்சர் ஸ்கூல்ல இருக்காங்க" என்பார்.

10 நவம்பர்

கேள்வி கேட்டவரின் மகள் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். பருவம் முடிகிறது. ஆளுக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டாராம். இரண்டாவது வாரமே அது காணாமல் போய், சமையலறையில் கிடைத்ததாம். அங்கே வேலை செய்யும் அக்கா அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதத் தொடங்கியிருந்தார். தனி நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு இதைப் பத்திரப்படுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பால் கணக்கு அதிலேயே இருக்கட்டும், அப்போதுதான் தினமும் அதை யாராவது கையில் எடுப்பார்கள் என்று பதில் எழுதினேன். முன்பக்கத்திலும் அந்த அக்காவின் கையெழுத்தில் மூன்று வரிகள் வந்திருக்கின்றனவாம். அவற்றில் ஒன்று: "ராயபுரம் தாத்தா சட்டை பட்டன நாம போடக்கூடாது. அவரே போடுவார். லேட்டாவும்."

நோட்டை வைக்க அலமாரிப் பூட்டுக்குச் சாவி இல்லையாம். அதற்குக் காப்பகப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.